லண்டன் வி அண்ட் ஏ மியூசியத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: முதலில் பொருள், பிறகு வழி

சவுத் கென்சிங்டனில் இருக்கும், கலை, கைத்தொழில் பொருட்களுக்கான விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு, ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். பெரும்பாலானவர்கள் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் பட்ட கூடத்தில் ஆரம்பித்து, எல்லாப் பேழையையும் பார்த்துக்கொண்டே போவார்கள். ஒரு மணி நேரத்தில் கால் வலி வந்துவிடும். எதற்காக வந்தார்களோ அது இருக்கும் மாடிக்குப் போகாமலே திரும்பிவிடுவார்கள்.

இங்கே கூடங்கள் மட்டும் 145. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நான்கைந்து பொருட்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு நடுவே வழி போட்டுக்கொள்வதுதான் சரிப்பட்டு வருகிறது. அதற்கான வரிசை கீழே.

1. எந்தக் கட்டடம் என்று உறுதி செய்யுங்கள்

வி அண்ட் ஏ என்ற பெயரில் பல கட்டடங்கள் உண்டு. குழந்தைகளுக்கான யங் வி அண்ட் ஏ பெத்னல் கிரீனில் இருக்கிறது. 2025 மே மாதம் திறந்த சேமிப்புக் கிடங்கான ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ், ஒலிம்பிக் பூங்காவில் ஹாக்னி விக் பக்கம். 2018இல் திறந்த டண்டீ கிளை ஸ்காட்லாந்திலேயே இருக்கிறது. மேப்பில் வெறுமனே பெயரைத் தட்டினால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டிவிடும். கிழக்கு லண்டனில் தங்கியிருப்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பெரிய பழைய மியூசியம் வேண்டுமென்றால் "சவுத் கென்சிங்டன், குரோம்வெல் ரோடு" என்று சேர்த்துத் தேடுங்கள். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

2. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

தினமும் காலை 10 மணியிலிருந்து மாலை 5.45 வரை. வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 10 வரை. டிசம்பர் 24, 25, 26 தேதிகளில் விடுமுறை.

கூட்டம் பிடிக்காதவர்கள் பள்ளி நாளில், திறந்த கையோடு போய்விடுங்கள். வெள்ளி இரவைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் 5.45க்குப் பிறகு எல்லாக் கூடமும் திறந்திருக்காது, குறிப்பிட்ட சிலதான். உங்கள் பட்டியலில் இருப்பது அந்தச் சிலவற்றில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஆபீஸ் முடிந்து ஓடினால் பயணம் வீண்.

பக்கத்திலேயே நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் சயின்ஸ் மியூசியமும் இருக்கின்றன. "அங்கேயே இருக்கே, மூணையும் முடிச்சிடலாம்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். சம்மதிக்காதீர்கள். டைனோசர் பார்த்து அலுத்த கண்ணுக்கு 16ஆம் நூற்றாண்டுக் கம்பளம் வெறும் கம்பளமாகத்தான் தெரியும்.

3. பொருளை முதலில் தேர்ந்தெடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், அதுவும் வீட்டில் உட்கார்ந்து. மியூசியத்தின் வலைத்தளத்தில் "எக்ஸ்ப்ளோர் தி கலெக்‌ஷன்ஸ்" என்றொரு தேடல் பக்கம் இருக்கிறது. பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொரு பதிவிலும் பொருள் எங்கே செய்யப்பட்டது, எப்போது, எதனால் என்பதோடு, இப்போது எங்கே இருக்கிறது என்பதும் இருக்கும். காட்சியில் இருந்தால் கூடத்தின் எண், சிலவற்றுக்குப் பேழை எண்ணும். இல்லாவிட்டால் சேமிப்பில் இருப்பதாகப் போட்டிருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டு காரணம்.

முதலாவது, கூடங்கள் புதுப்பிப்பு வேலைக்காக மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மூடப்படும். தெற்காசியப் பொருட்களுக்கான கூடம் 41ஆம் எண். சோழர் காலத்து நடராஜர் செப்புச் சிலையையும் திப்புவின் புலியையும் (திப்பு சுல்தானுக்காகச் செய்த மரப் புலி) தேடி வருகிறவர்கள் அந்த எண்ணைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்னதையோ யூடியூபில் பார்த்ததையோ நம்பிக் கிளம்பாதீர்கள். போகும் வாரத்தில் அந்தப் பொருளின் பதிவையும், மூடப்பட்ட கூடங்களின் பட்டியலையும் நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, துணியும் தாளும் வெளிச்சத்தில் வெளுக்கும். ஒருமுறை வெளுத்தது திரும்பாது. அதனால் புடவை, சீட்டித் துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றைக் கொஞ்ச காலம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார்கள். கல், உலோகம், மண்பாண்டம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கலாம். துணியை நம்பிப் போகிறவர்தான் அதிகம் ஏமாறுவார்.

தேடும்போது பழைய ஆங்கில ஊர்ப்பெயர்களையும் தட்டிப் பாருங்கள். "தமிழ்நாடு" என்று மட்டும் தேடினால் பலது விடுபடும். மெட்ராஸ், டேஞ்சூர், டிரிச்சினாபலி, கோரமண்டல் கோஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த ஓவியங்கள், திருச்சியில் மைக்கா தகட்டில் தீட்டிய சின்னச் சின்னப் படங்கள், சோழமண்டலக் கரையில் கையால் சாயமிட்டுக் கப்பலேறிய பருத்தித் துணிகள் எல்லாம் இப்படித்தான் அகப்படும்.

கிடைத்ததில் ஐந்துக்கு மேல் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பிடித்தது மூன்று, கூட வருகிறவர் தேர்ந்தெடுத்தது இரண்டு என்று வைத்துக்கொண்டால் வழியில் சண்டை வராது.

4. ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் எழுதிக்கொள்ளுங்கள்

கூட எண், தளம், பதிவு எண். ஒரு தாளில் எழுதுங்கள், அல்லது போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட எண் மட்டும் போதாது. பக்கத்துப் பக்கத்து எண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத்தான் பலர் வழி தவறுகிறார்கள். கட்டடம் பல காலங்களில் ஒட்டு ஒட்டாக வளர்ந்தது. 40களில் வரும் பல கூடங்கள் தரைத்தளத்தில். பிரிட்டிஷ் கூடங்கள் 2ஆம் தளத்தில் பாதி, 4ஆம் தளத்தில் பாதி. மண்பாண்டங்கள் 6ஆம் தளத்தில். ஐரோப்பா 1600 முதல் 1815 வரை என்ற பகுதி தரைக்குக் கீழே. எல்லாப் படிக்கட்டும் எல்லாத் தளத்துக்கும் போகாது. எண்ணோடு தளமும் தெரிந்தால் ஊழியரிடம் கேட்கவும் சுலபம்.

இன்னொன்று, இங்கே பொருட்களை இரண்டு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சில கூடங்கள் நாட்டையும் காலத்தையும் வைத்து, சில கூடங்கள் பொருள் எதனால் ஆனது என்பதை வைத்து. சீனப் பீங்கான் சீனக் கூடத்திலும் இருக்கும், மேலே மண்பாண்டத் தளத்திலும் இருக்கும். "சீனாவைப் பார்த்தாச்சு" என்று நினைத்துக்கொண்டு கீழே வந்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள்.

பதிவு எண் எதற்கு? ஒரே பேழைக்குள் ஒரே மாதிரிக் கிண்ணம் பத்து இருக்கும்போது உங்களுடையது எது என்று தெரிய அதுதான் வழி. பல எண்களின் கடைசியில் இருப்பது மியூசியத்துக்கு வந்த வருடம். நடராஜரின் எண் ஐ.எம். 2-1934. திப்புவின் புலிக்கு 2545 (ஐ.எஸ்.), வருடம் சேராத பழைய பாணி எண். ஒரு பொருள் எப்போது செய்யப்பட்டது என்பதோடு எப்போது இங்கே வந்து சேர்ந்தது என்றும் பார்த்தால், நம் ஊர்ப் பொருட்கள் விஷயத்தில் அந்த இரண்டாவது தேதிதான் சில சமயம் அதிகம் பேசும்.

5. சேமிப்பில் இருந்தால்: இரண்டு வாரத்துக்கு முன்பே கேளுங்கள்

தேர்ந்தெடுத்தது ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸில் இருப்பதாகப் பதிவு சொன்னால் மனம் தளர வேண்டாம். அங்கே "ஆர்டர் ஆன் ஆப்ஜெக்ட்" என்ற சேவை இருக்கிறது. ஐந்து பொருள் வரை தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதி வாங்கலாம். கட்டணம் இல்லை. ஆராய்ச்சியாளர் என்ற சான்று, பல்கலைக்கழகக் கடிதம் எதுவும் வேண்டாம். அன்றைக்குப் போனால் ஊழியர் ஒருவர் பொருளை மேஜையில் எடுத்து வைத்து, எப்படிக் கையாள வேண்டும், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்.

நெசவிலோ சாயத்திலோ ஆர்வமுள்ளவர்களுக்கு என் யோசனை: பெரிய மியூசியத்தைவிட இதற்கு முன்னுரிமை கொடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓரடி தள்ளித் தெரியும் சீட்டித் துணியில் மேல்பக்கம் மட்டும்தான் பார்க்கலாம். மேஜையில் வைத்த துணியில் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். சாயம் இழைக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது, எங்கே மெழுகு தடுத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இங்கே நேரும் தவறு ஒன்றுதான். லண்டன் வந்து இறங்கிய பிறகு தேடுவது. ஒரு வார விடுமுறையில் வந்தவருக்கு இரண்டு வார அவகாசம் எங்கே கிடைக்கும்? விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள்.

6. பையைச் சிறியதாக்குங்கள்

வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சூட்கேசோடு வந்து நிற்காதீர்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்கலாம் என்ற திட்டம் வாசலிலேயே உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டியை முதலில் ரயில் நிலைய லக்கேஜ் கடையிலோ தங்கும் இடத்திலோ விட்டுவிடுங்கள்.

வேண்டியவை: பழகிய செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், சார்ஜ் உள்ள போன், படம் வரைகிறவர்களானால் பென்சில். பேனாவும் வண்ணமும் கூடங்களுக்குள் கூடாது, பொருள்மேல் தெறித்தால் போகாது என்பதால்.

7. போய்ச் சேரும் வழி

சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனில் பிக்காடில்லி, டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் மூன்றும் நிற்கும். ஹீத்ரோவிலிருந்து பிக்காடில்லியில் ஏறினால் மாறவே வேண்டாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறவர்கள் பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்குக் காத்திருங்கள். அதே பிளாட்பாரத்தில் இளஞ்சிவப்பு ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலும் வரும். அது சவுத் கென்சிங்டன் போகாது.

ஸ்டேஷனுக்குள்ளிருந்தே ஒரு நீண்ட சுரங்க நடைபாதை மியூசியங்களுக்குப் போகிறது. மழை நாளில் வரம். ஆனால் படி ஏற முடியாதவர்களுக்கும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கும் ஸ்டேஷனும் சுரங்கமும் சிரமம். அவர்கள் பஸ்ஸில் வருவது மேல். 14, 74, 414, சி1 நான்கும் குரோம்வெல் ரோடு வாசலருகே நிற்கும். இறங்கி, மூலை திரும்பி, எக்சிபிஷன் ரோடு வாசலுக்குப் போனால் படியேறாமல் நுழையலாம்.

எக்சிபிஷன் ரோட்டில் நீண்ட வரிசை தெரிந்தால் உடனே கடைசியில் போய் நிற்காதீர்கள். முக்கால்வாசி அது எதிர்ப்பக்கத்து நேச்சுரல் ஹிஸ்டரிக்கான வரிசை.

8. வாசலில்: எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவு இலவசம். முன்பதிவும் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் நன்கொடை கேட்கும் பெட்டியும் கார்டு மெஷினும் இருக்கும். டிக்கெட் என்று நினைத்துக் கார்டைத் தட்டிவிட்டு "ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுப்பது உங்கள் விருப்பம், கொடுக்காவிட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

அவ்வப்போது நடக்கும் சிறப்புக் கண்காட்சிகள் வேறு. அவற்றுக்குக் கட்டணம் உண்டு, நேரம் குறித்த டிக்கெட். பேஷன் சம்பந்தப்பட்டவை சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும், வலைத்தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். அந்த நேரத்தைச் சுற்றித்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும்.

நுழைந்ததும் தகவல் மேஜையில் உங்கள் தாளைக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் எந்தக் கூடம் இன்றைக்கு மூடியிருக்கிறது?" ஆள் பற்றாக்குறையாலோ வேலை நடப்பதாலோ அன்றன்று மூடும் கூடங்கள் வலைத்தளத்தில் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

9. மேலே ஏறி, கீழே இறங்கி வாருங்கள்

லிஃப்டில் நேராக 6ஆம் தளத்துக்குப் போய் அங்கிருந்து இறங்குவது நல்லது. தரைத்தளத்தில் எப்போதும் கூட்டம், மேலே காற்றாடும். கால் தெம்பாக இருக்கும்போதே தூரத்தை முடித்துவிட்டால், களைத்த நேரத்தில் தோட்டமும் காபியும் பக்கத்தில் இருக்கும். கீழேயிருந்து தொடங்கியவர்கள் 3ஆம் தளத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

10. நேரம் பார்த்துப் போக வேண்டிய ஒன்று

42ஆம் கூடத்தில் அர்தபில் கம்பளம். ஈரானில் 1539-40இல் நெய்து முடித்தது. நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். தரையில் விரித்துச் சுற்றிலும் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். சாயம் வெளுக்காமலிருக்க, ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டும்தான் விளக்குப் போடுவார்கள். 11.15க்குப் போய் "இருட்டா இருக்கே" என்று நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம்.

ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். விளக்கு வந்ததும் நடுவில் இருக்கும் பெரிய பதக்க வடிவத்தின் இரு பக்கமும் தொங்கும் விளக்குகளைப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சிறியது. பிறகு ஒரு முனையில் நெய்திருக்கும் சின்னக் கட்டத்தைத் தேடுங்கள். தேதியும் செய்தவர் பெயரும் அதற்குள்தான் இருக்கின்றன.

திரைச்சீலை நெய்வதற்காக இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டிய மாதிரி ஓவியங்கள் ஏழு இருக்கும் 48அ கூடமும் மங்கலாகத்தான் இருக்கும். காரணம் அதுவேதான், தாள். உள்ளே போய் இரண்டு நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும்.

11. ஒரு பொருளின் முன் எப்படி நிற்பது

முதலில் பொருளைப் பாருங்கள், பிறகு குறிப்பைப் படியுங்கள். குறிப்பை முதலில் படித்தால் அதில் சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அடுத்து, சுற்றி வர முடிந்தால் சுற்றி வாருங்கள். இது கலையோடு கைத்தொழிலுக்குமான மியூசியம். எப்படி இணைத்தார்கள், எங்கே ஒட்டினார்கள் என்பது பின்பக்கத்தில்தான் தெரியும்.

வார்ப்பு நகல் கூடங்களில் இதைப் பழகலாம். 46அ, 46ஆ என்று இரண்டு. ரோமிலுள்ள டிராஜன் தூணின் பிளாஸ்டர் நகல், கூரை உயரம் போதாமல் இரண்டு துண்டாக நிற்கிறது. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நகல் ஐந்து மீட்டருக்கு மேல். எல்லோரும் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பீடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், ஒரு கண்ணாடிப் பெட்டியில் பிளாஸ்டரில் செய்த அத்தி இலை இருக்கும். அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மாட்டிவைக்கச் செய்தது.

படமெடுப்பது பெரும்பாலான கூடங்களில் பரவாயில்லை. ஃபிளாஷும் டிரைபாடும் கூடாது. நகைக் கூடத்திலும் சில சிறப்புக் கண்காட்சிகளிலும் படமே எடுக்கக் கூடாது. பொருளோடு அதன் குறிப்பையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பதிவு எண்ணைத் தட்டினால் முழுப் பதிவும் வரும். குறிப்பில்லாத நாற்பது படம் ஒரு வாரம் கழித்து எதற்கும் உதவாது.

12. சாப்பாடும் ஓய்வும்

மூன்றாவது பொருள் முடிந்ததும் உட்காருங்கள், பசி வரும் வரை தள்ளாதீர்கள். தரைத்தளத்திலுள்ள பழைய உணவறைகளைக் காபி வாங்காவிட்டாலும் எட்டிப் பாருங்கள். மியூசியத்துக்குள்ளேயே சாப்பிட இடம் கொடுத்ததில் உலகிலேயே இதுதான் முதல் என்பார்கள். விலை லண்டன் விலைதான். குடும்பத்தோடு போனால் புளியோதரை கட்டிக்கொண்டு போய் நடுத்தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், கூடங்களுக்குள் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம். வெயில் நாளில் தோட்டத்து நீள்வட்டக் குளத்தில் பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்கள். மாற்றுத்துணி ஒன்று வைத்திருங்கள், இறங்காத பிள்ளையை நான் கண்டதில்லை.

13. கிளம்பும் நேரம்

5.45 என்றால் அதற்குச் சற்று முன்பே கூடங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள். கடைசிப் பொருளை 5 மணிக்குள் முடித்துக்கொண்டு, கடையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கடைக்குப் போனால் கனமான புத்தகப் பையை நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். திரும்பும்போது சுரங்கப் பாதையில் மூன்று மியூசியக் கூட்டமும் ஒரே நேரத்தில் சேரும். மழை இல்லையென்றால் மேலே சாலையிலேயே நடந்து ஸ்டேஷனுக்குப் போவது சீக்கிரம்.